வீட்டுக் கடனை மாற்றுவதா, வேறு கடன் வாங்குவதா?

வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பலருக்கு இந்த அழைப்பு ஒருமுறையாவது வந்திருக்கும். "சார், இப்ப எத்தனை பர்சன்ட் கட்டிட்டு இருக்கீங்க? எங்க பேங்க்குக்கு மாத்திட்டீங்கன்னா மாசம் ஆறாயிரம் வரைக்கும் குறையும்." பேசுபவர் பொய் சொல்லவில்லை. மாதம் ஏறக்குறைய அவ்வளவு குறையத்தான் செய்யும். அது எப்படிக் குறைகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கடன் பாக்கி 30 லட்சம் ரூபாய். இன்னும் 15 ஆண்டு கட்ட வேண்டும். வட்டி 9.25 சதவீதம், மாதத் தவணை 30,876 ரூபாய். புதிய வங்கி 8 சதவீதத்துக்குத் தருகிறது; ஆனால் கடனைப் புதிதாக 20 ஆண்டுக்கு எழுதுகிறது. தவணை 25,093 ஆகிறது. மாதம் 5,783 ரூபாய் குறைந்துவிட்டது. இனி மொத்தத்தைப் பாருங்கள். பழைய கடனிலேயே இருந்தால் 180 மாதத்தில் கட்டப்போவது 55.58 லட்சம். புதிய கடனில் 240 மாதத்தில் கட்டப்போவது 60.22 லட்சம். வட்டியும் குறைந்து, தவணையும் குறைந்து, கடைசியில் கையைவிட்டுப் போவது மட்டும் 4.64 லட்சம் கூடிவிட்டது. மாற்றுவதற்கான செலவை இதில் சேர்க்கவே இல்லை.

அதே வங்கியிடம், அதே 8 சதவீதத்துக்கு, "பாக்கி இருக்கிற 15 வருஷத்துக்கே எழுதுங்க" என்று சொன்னால் தவணை 28,670. மொத்தத்தில் 3.97 லட்சம் மிச்சம். தவணையைக் குறைக்காமல் பழைய 30,876 ரூபாயையே தொடர்ந்து கட்டினால் கடன் 157 மாதத்தில், அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு முன்னதாகவே, தீர்ந்துவிடும். மிச்சம் 7 லட்சத்தைத் தாண்டும்.

ஒரே வங்கி, ஒரே வட்டி. ஒரு வழியில் நான்கரை லட்சத்துக்கு மேல் நஷ்டம், இன்னொரு வழியில் ஏழு லட்சம் லாபம். இரண்டுக்கும் வேறுபாடு, படிவத்தில் 'கடன் காலம்' என்ற கட்டத்தில் எழுதும் எண்தான். அதனால் எந்தக் கடனை ஒப்பிட்டாலும் மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைக்குக் கையிலிருந்து போகும் செலவு, கடைசித் தவணை வரை கட்டப்போகும் மொத்தம், அந்தக் கடைசித் தவணையின் மாதமும் ஆண்டும். தவணைத் தொகை உங்கள் சம்பளத்துக்குள் அடங்குமா என்று பார்க்க மட்டும்தான் உதவும். எது மலிவு என்பதை அது சொல்லாது.

முதலில் உங்கள் கடன் எந்த வகை என்று பாருங்கள்

வட்டி ஏன் கூடுதலாக இருக்கிறது என்று தெரியாமல் வங்கியை மாற்றக் கிளம்ப வேண்டாம். கடன் வாங்கிய ஆண்டே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். 2010 ஜூலையிலிருந்து வங்கிகள் 'பேஸ் ரேட்' அடிப்படையில் கடன் கொடுத்தன. 2016 ஏப்ரலிலிருந்து 'எம்.சி.எல்.ஆர்.' வந்தது. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ரெப்போவோடு இணைந்த கடனில் ஏற்றமும் இறக்கமும் மூன்று மாதத்துக்குள் வந்து சேரும். பழைய வகைக் கடன்களில் ஏற்றம் வேகமாகவும் இறக்கம் மெதுவாகவும் வரும். 2016, 2017-இல் கடன் வாங்கியவர்கள் பலர் இன்னும் பழைய வகையிலேயே இருக்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கிய கடன் இந்தக் கட்டாயத்துக்குள் வராது. அவை தாமே வகுத்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்கின்றன. புதிதாக வருபவருக்கு ஒரு வட்டி, பத்து ஆண்டாகக் கட்டிவருபவருக்கு அதைவிடக் கூடுதல் வட்டி என்ற நிலை அங்கே அதிகம்.

கடன் கணக்கு அறிக்கையை எடுத்து இன்னொன்றையும் பாருங்கள். ரெப்போ வட்டி 2020 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. அந்த ஏற்றத்தின்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் கடன் காலத்தை நீட்டின. 2038-இல் முடிய வேண்டிய கடன் 2045-க்குப் போயிருக்கும். தவணை மாறாததால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. 2025 பிப்ரவரியில் ரெப்போ குறையத் தொடங்கி ஜூனுக்குள் 5.5-க்கு வந்தது. அந்தக் குறைவு உங்கள் கடன் காலத்தில் திரும்பி வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. கேட்கவில்லை என்றால் நீங்களே போய்க் கேட்கலாம்.

சொந்த வங்கியின் கதவை முதலில் தட்டுங்கள்

வேறு வங்கிக்குப் போகுமுன் உங்கள் கிளைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நீளமாக வேண்டாம். "என் வீட்டுக் கடன் கணக்கு எண் இது. தற்போதைய வட்டி இவ்வளவு. இன்று புதிய வாடிக்கையாளருக்கு நீங்கள் தரும் வட்டிக்கு என் கணக்கை மாற்ற என்ன வழி, அதற்கான கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். நேரில் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்று முடிந்துவிடும். முத்திரை போட்ட நகலோடு கொடுத்தால் பதில் வரும்.

சொந்த வங்கிக்குள்ளேயே மாறும்போது சில ஆயிரம் ரூபாய் மாற்றுக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான் பொதுவாகச் செலவு. சில நிதி நிறுவனங்கள் பாக்கித் தொகையில் ஒரு சதவீதப் பங்கைக் கேட்கும். அதையும் கணக்கில் வையுங்கள். பத்திரப் பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை, வக்கீல் கருத்து வேண்டியதில்லை. இதனால் சொந்த வங்கி தரும் வட்டி வெளி வங்கியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே இருப்பது லாபமாக முடியலாம். எவ்வளவு கூடுதல் வரை என்பதை அடுத்த கணக்கு காட்டும்.

மாற்றுவதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும்

மிதவை வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கும் தனிநபரிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது. 2012-லேயே ரிசர்வ் வங்கி இதை வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் பழைய வங்கி பக்கம் பெரிய செலவு இல்லை. நிலையான வட்டிக் கடன் என்றால் மட்டும் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படியுங்கள்.

செலவு முழுக்கப் புதிய வங்கி பக்கம்தான். தமிழ்நாட்டில் அதில் பெரியது, அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்தைப் பதிவு செய்வது. எம்.ஓ.டி. என்று கிளையில் எல்லோரும் சொல்வது இதைத்தான். கடன் தொகையில் 0.5 சதவீதம் முத்திரைத் தீர்வை, உச்சவரம்பு 30,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 6,000 ரூபாய். 30 லட்சத்துக்கு 15,000-மும் 6,000-மும் சேர்த்து 21,000 ரூபாய். முதல் கடனுக்கு ஒருமுறை கட்டியிருப்பீர்கள். வங்கி மாறினால் மறுபடியும் கட்ட வேண்டும். கட்டண விவரம் பதிவுத்துறை இணையதளத்தில் இருக்கிறது, போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தரும் செலவுக் கணக்கில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் இது வங்கிக்குப் போகும் பணம் இல்லை.

அடுத்தது பிராசஸிங் கட்டணம். கால் சதவீதம் என்று வைத்தால் 7,500, ஜி.எஸ்.டி. சேர்த்து 8,850. பண்டிகைக் காலத்தில் இதைத் தள்ளுபடி செய்வதும் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். வக்கீல் கருத்து, பொறியாளர் மதிப்பீடு இரண்டுக்கும் 6,000 என்று வையுங்கள். வில்லங்கச் சான்று, பத்திர எழுத்தர், பழைய வங்கியின் அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்வது எல்லாம் சேர்த்து 3,000. மொத்தம் 38,850 ரூபாய்.

இந்தப் பணம் எப்போது திரும்பும்? 30 லட்சத்துக்கு 1.25 சதவீத வட்டி வித்தியாசம் தொடக்கத்தில் மாதம் 3,125 ரூபாய். 38,850-ஐ அதால் வகுத்தால் 12 மாதத்துக்குக் கொஞ்சம் மேல். இன்னும் 15 ஆண்டு இருக்கும் கடனில் ஓராண்டில் செலவு திரும்புகிறது என்றால் தயங்கத் தேவையில்லை, மாற்றுங்கள்.

இப்போது சொந்த வங்கி 8.25 சதவீதத்துக்கு இறங்கி வருகிறது, மாற்றுக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 5,900 ரூபாய் என்று வையுங்கள். வெளி வங்கியோடு வித்தியாசம் கால் சதவீதம்தான். ஆண்டுக்கு 7,500 ரூபாய், அதுவும் அசல் குறையக் குறைய இன்னும் குறையும். அதற்காகக் கூடுதலாகச் செலவழிப்பது 32,950. திரும்பவே நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும். இடையில் வீட்டை விற்றாலோ, கடனை முன்பே அடைத்தாலோ நஷ்டம். இந்த நிலையில் சொந்த வங்கியிலேயே இருந்துவிடுங்கள். என் அளவில், பாக்கி 20 லட்சத்துக்கு மேல், காலம் 10 ஆண்டுக்கு மேல், வட்டி வித்தியாசம் அரை சதவீதத்துக்கு மேல் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டுமே வெளி வங்கிக்கு நடையாய் நடப்பது தகும்.

கடைசிச் சில ஆண்டுகளில் இருப்பவர்கள் மாற்றவே வேண்டாம். 6 லட்சம் பாக்கி, 4 ஆண்டு காலம் என்றால் 1.25 சதவீத வித்தியாசத்தில் மொத்த மிச்சமே சுமார் 17,000 ரூபாய். எம்.ஓ.டி. பதிவுக்கு மட்டும் 9,000 போய்விடும், மற்றச் செலவுகள் பாக்கியைத் தின்றுவிடும். அங்கே வட்டியின் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டீர்கள்.

இன்னொரு தடை வீட்டு ஆவணத்திலேயே இருக்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைகளிலும், வரைபட அனுமதியை மீறிக் கட்டிய வீடுகளிலும் இருப்பவர்களுக்கு வங்கிகள் கடனை மறுத்ததால்தான் அவர்கள் கூடுதல் வட்டி கேட்கும் நிதி நிறுவனங்களுக்குப் போனார்கள். மாற்றும்போதும் அதே தடை வரும். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் தமிழ்நாடு அரசு விதி கொண்டுவந்தது. அந்த உத்தரவு உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வக்கீல் கருத்துக்குக் கட்டிய பணம், கடன் மறுக்கப்பட்டால் திரும்ப வராது.

கடனோடு சேர்த்துக் கட்டிவிடும் காப்பீடு

கையெழுத்துப் போடும் நாளில் மேசைக்கு வரும் தாள்களில் ஒன்று காப்பீட்டுப் படிவமாக இருக்கும். "இது எல்லாருக்கும் போடறதுதான் மேடம், லோன்லயே சேர்ந்துடும்." லோனில் சேர்ந்துவிடும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 60,000 ரூபாய் ஒற்றைப் பிரீமியத்தைக் கடனில் சேர்த்தால் 8 சதவீத வட்டியில் 15 ஆண்டுக்கு மாதம் 573 ரூபாய், முடிவில் 1,03,210 ரூபாய். பழைய வங்கியிலும் இப்படி ஒன்று எடுத்திருந்தால், கடன் அடைந்ததும் அந்தப் பாலிசி என்ன ஆகும், மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்று எழுதிக் கேளுங்கள். கடனாளி இறந்தால் குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது என்பது நியாயமான கவலை. அதற்குத் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் செலவு குறைவு. வங்கி மாறினாலும் அது உங்களோடு இருக்கும். வீட்டுக் கடனுக்கு ஆயுள் காப்பீடு சட்டக் கட்டாயம் இல்லை.

கூடுதலாகப் பணம் வேண்டும் என்றால்

பலர் கடனை மாற்ற நினைப்பது வட்டிக்காக மட்டும் இல்லை. மாடியில் ஒரு அறை, மகளின் கல்லூரிக் கட்டணம், அப்பாவின் அறுவைச் சிகிச்சை என்று ஒரு தொகை தேவைப்படும். "டிரான்ஸ்ஃபர் பண்ணும்போதே அஞ்சு லட்சம் டாப்-அப் தர்றோம்" என்ற பேச்சு அங்கேதான் இனிக்கிறது.

5 லட்சத்தை வைத்தே பார்ப்போம். டாப்-அப் 8.5 சதவீதம், 15 ஆண்டு. மாதம் 4,924 ரூபாய். பார்வைக்கு மிகச் சிறியது. முடிவில் கட்டியிருப்பது 8.86 லட்சம், அதில் வட்டி 3.86 லட்சம். அதே 5 லட்சத்தைத் தனிநபர் கடனாக 13 சதவீதத்துக்கு 4 ஆண்டில் கட்டினால் மாதம் 13,414, வட்டி 1.44 லட்சம், பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு இன்னும் 11,800. 'வட்டி அதிகம்' என்று நாம் ஒதுக்கும் தனிநபர் கடன், 15 ஆண்டு டாப்-அப்பைவிட இரண்டே கால் லட்சத்துக்கு மேல் மலிவு.

தனிநபர் கடன் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அதே டாப்-அப்பை 4 ஆண்டில் கட்டினால் மாதம் 12,324 ரூபாய், வட்டி வெறும் 91,560. இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி. டாப்-அப் வாங்கும்போதே குறைந்த காலத்தைக் கேளுங்கள். வங்கி 15 ஆண்டுக்குத்தான் தருவேன் என்றால், சம்பள உயர்வு வரும்போதெல்லாம் அந்தக் கணக்கில் முன்கூட்டிக் கட்டுங்கள். ஒரு தவணை கூடுதலாகக் கட்டியதும் காலத்தைக் குறைத்தார்களா, தவணையைக் குறைத்தார்களா என்று அறிக்கையில் பாருங்கள். காலத்தைத்தான் குறைக்க வேண்டும்.

டாப்-அப்பும் மாற்றமும் இரண்டும் தேவை என்றால் ஒரே நேரத்தில் செய்வது பதிவுச் செலவில் லாபம். 35 லட்சத்துக்கு ஒரே எம்.ஓ.டி. என்றால் 23,500 ரூபாய். 30-க்கு முன்பே பதிந்துவிட்டு 5 லட்சத்துக்குப் பிறகு தனியாகப் பதிந்தால் 21,000-மும் 7,500-மும் ஆகும்.

ஓராண்டுக்குள் திருப்பிவிட முடியும் என்ற தேவைக்கு, பதிவும் வக்கீலும் இல்லாத நகைக் கடன்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. வங்கியில் 9.5 சதவீதம் என்றால் 5 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 47,500. சீட்டோ வைப்புநிதியோ முதிர்ந்து பணம் வரும் தேதி தெரிந்திருந்தால் நகையை வையுங்கள். தேதி தெரியாமல் வைத்த நகைதான் ஏலத்துக்குப் போகிறது. தனியார் நகைக் கடன் நிறுவனங்களில் வட்டி திட்டத்துக்குத் திட்டம் மாறும். மாதாமாதம் கட்டாவிட்டால் அடுத்த படிக்கு ஏறும் திட்டங்களும் உண்டு. பலகையில் பெரிதாக எழுதிய வட்டியை விட்டுவிட்டு, ஓராண்டு ஒன்றும் கட்டாமல் மொத்தமாக மீட்டால் எவ்வளவு என்று கேளுங்கள். புதிய ரிசர்வ் வங்கி விதிப்படி, 2026 ஏப்ரல் 1 முதல் 2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது வரம்பு. ஓராண்டு முடிவில் மொத்தமாக மீட்கும் கடனில் அந்த ஓராண்டு வட்டியையும் சேர்த்தே வரம்பைக் கணக்கிடுவார்கள். வட்டியைக் கட்டாமல் 'திருப்பி வைத்துக்கொள்ளும்' பழைய வழக்கமும் இனி நடக்காது.

நகைக்கும் முன்னால் எட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. வங்கி வைப்புநிதியின் மேல் வாங்கும் கடனுக்கு அந்த வைப்புநிதி வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடும். பி.பி.எஃப். கணக்கில் மூன்றாவது நிதியாண்டிலிருந்து ஆறாவது வரை கடன் எடுக்கலாம், வட்டி கணக்கின் வட்டியைவிட ஒரு சதவீதம் அதிகம், 36 மாதத்தில் அடைக்க வேண்டும். பழைய எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அதன் சரண்டர் மதிப்பில் பெரும்பகுதி கடனாகக் கிடைக்கும். ஆனால் கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போய்ப் பாலிசியையே தின்றுவிடும்.

வட்டியைச் சொல்லும் விதத்திலும் ஏமாறாதீர்கள். "நூத்துக்கு ரெண்டு ரூபா" என்றால் மாதத்துக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம். 'ஃபிளாட் ரேட் 8 சதவீதம்' என்று சொல்லி 5 லட்சத்தை 4 ஆண்டுக்குக் கொடுத்தால் தவணை 13,750 வரும். அது 13 சதவீதத் தனிநபர் கடனின் தவணையைவிட அதிகம். குறையும் அசல் கணக்கில் 14 சதவீதத்தைத் தாண்டும். கடன் அட்டையில் மாதம் 3.5 என்பது ஆண்டுக்கு 42, அந்த வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. வேறு.

கடன் அட்டை பாக்கியையும் தனிநபர் கடன்களையும் திரட்டி வீட்டுக் கடனுக்குள் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். கணக்கில் லாபம்தான். ஆனால் அட்டை பாக்கியைக் கட்டாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகாமல் வீட்டை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பாக்கி வீட்டுக் கடனுக்குள் வந்த பிறகு எடுத்துக்கொள்ள முடியும். 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும்; 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே வீட்டை எடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அட்டையை வெட்டிப் போடத் தயாராக இருப்பவர் மட்டும் இதைச் செய்யட்டும். கல்யாணச் செலவையும் காரையும் வீட்டின் தலையில் வைக்காதீர்கள்.

வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வரி முறையில் இருப்பவருக்கு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. பழைய கடனை அடைக்க வாங்கிய புதிய கடனுக்கும் அது தொடரும். டாப்-அப் பணம் வீட்டுக்கே செலவாகியிருந்தால்தான் அதன் வட்டிக்குக் கழிவு, பில்களை வைத்துக்கொள்ளுங்கள். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு இல்லை. அதனால் வரி மிச்சமாகிறது என்பதற்காகக் கடனை வைத்திருக்கக் காரணமும் இல்லை.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

2024 அக்டோபர் 1 முதல் எந்தச் சில்லறைக் கடனுக்கும் 'கே.எஃப்.எஸ்.' என்ற முக்கிய விவரத் தாளை வங்கி தர வேண்டும். கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது விதி, ஆகவே தமிழில் கேளுங்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. ஏழு நாளும் அதற்கு மேலும் ஓடும் கடன்களுக்கு அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாதான் இந்த ரேட்" என்பவரிடம் அந்த மூன்று நாளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வங்கிகளின் தாளையும் உங்கள் வங்கியின் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு முடிவெடுங்கள். அதற்குமுன் நாலைந்து வங்கிகளில் விண்ணப்பம் போட்டு சிபில் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

மாற்றும் நாட்களில் கவனிக்க வேண்டியது இடைவெளி. புதிய வங்கி வரைவோலை எடுத்த நாளிலிருந்து அங்கே வட்டி ஓடும். அது பழைய வங்கியில் வரவாகும் வரை இங்கேயும் வட்டி ஓடும். 30 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 700 ரூபாய்க்கு மேல். வரைவோலையை வாங்கிய அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய வங்கியின் தானியங்கித் தவணைப் பிடித்தத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இரண்டு தவணை போகும்.

பழைய வங்கியில் நீங்கள் ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்கி, தாய்ப்பத்திரம் முதல் பட்டா வரை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கடன் முழுதும் அடைந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடனாளிக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கடன் அடைந்த தேதி போட்ட கடிதத்தை அதற்காகவே பத்திரமாக வையுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய வங்கியின் எம்.ஓ.டி.க்குக் கீழே அது தீர்ந்ததற்கான ரசீது பதிவாகியிருக்க வேண்டும். அந்த வரி இல்லை என்றால் பழைய வங்கியின் அதிகாரியைப் பதிவு அலுவலகத்துக்கு வரச்சொல்லி உடனே பதிந்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்து வீட்டை விற்கப்போகும்போது அந்தக் கிளை அதே பெயரில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.